எட்டு வயதில் திட்ட மேலாளர் ஆவது எப்படி?

பிள்ளைக்கு எட்டு வயது ஆகிவிட்டதா? அப்படியென்றால் ஏற்கெனவே தாமதம்தான். காலக்கெடு, வேலைப் பங்கீடு, இடர் மேலாண்மை எல்லாவற்றையும் விளையாட்டாகவே சொல்லித் தருவோம், துணைக்கு ஏஐ உண்டு என்கிறது கோடை வகுப்பு நோட்டீஸ். தூத்துக்குடிக்காரர்கள் அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம். பாடமெல்லாம் நம் கடலிலேயே கிடக்கிறது.

முதலில் முத்துநகர் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கிச்சு கிச்சு தாம்பாளம் ஆடவிடுங்கள். மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் குச்சியை நகர்த்தி நகர்த்தி ஓரிடத்தில் ஒளிக்க வேண்டும். எதிராளி இரண்டு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் இடத்தைப் பொத்த வேண்டும். அவன் பொத்தப்போகும் நேரத்தில் குறுக்கே விழுந்து, "எந்த ஆதாரத்தில் இந்த முடிவு?" என்று கேளுங்கள். முறைப்பான். கண்டுகொள்ளாதீர்கள்.

முத்துக்குளிப்பும் அப்படி ஆதாரம் பார்த்துத்தான் நடந்தது. அதிகாரிகள் முதலில் கடலடியில் சிப்பி கிடக்கும் பார்களுக்குப் போய், மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவருவார்கள். அவற்றை அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பி என்ன விலை பெறும் என்று தெரிந்த பிறகுதான் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். அந்த நாற்றத்தைச் சகித்தவர்களுக்கு இன்றைய ஆய்வுக் கூட்டங்கள் பொருட்டே இல்லை.

அடுத்தது வேலைப் பங்கீடு. இரண்டு குளியாளிகளுக்கு ஒரு கல். ஒருவர் கல்லோடு கீழே இறங்கும்போது மற்றவர் மூச்சு வாங்குவார்; கயிறு பிடிக்கிறவர் மேலே நிற்பார். வீட்டில் இரண்டு பிள்ளைக்கு ஒரே செல்போனைக் கொடுத்து இதைப் பழக்கலாம். கயிறு பிடிக்க நீங்கள் இருக்கிறீர்கள்.

இடர் மேலாண்மைக்குத் தனி ஆளே இருந்தார். கடல்கட்டி என்பார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுவது மட்டுமே அவர் வேலை. கடலில் இறங்கத் தேவையில்லை. அப்படி ஓதியவர்களுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு போனது என்று மார்கோ போலோ எழுதியிருக்கிறார். இரவானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். திருட்டுத்தனமாக முங்குகிறவனைச் சுறா பார்த்துக்கொள்ளும். என் கணக்கில், ஆலோசகர் என்ற தொழிலில் இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு இன்றுவரை வரவில்லை. பிள்ளைக்குக் கணக்கு சுமாராகத்தான் வரும் என்றால் இந்தப் பதவிக்குத் தயார் செய்யுங்கள்.

இப்போது ஏஐ. "தூத்துக்குடியில் அடுத்த முத்துக்குளிப்புக்குத் திட்டம் போடு" என்று பிள்ளையை விட்டே கேட்கச் சொல்லுங்கள். வாரவாரியாக அட்டவணை வரும். எத்தனை படகு, எத்தனை ஆள், எந்த மாதம், எல்லாம் வரும். ஆச்சி எட்டிப்பார்த்து, "ஏலே, சிப்பிகிட்ட கேட்டியா?" என்பார். நியாயமான கேள்வி. இந்தக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. ஒரு வருடம் பார் முழுக்கக் குஞ்சுச் சிப்பியாக இருக்கும். அடுத்த முறை போய்ப் பார்த்தால் ஒன்றும் இராது. கடைசியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் 1973-இல் இங்கேயே சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள்.

போட்டியாளரைச் சமாளிக்கப் பழக்க 'பிசினஸ்' அட்டை விளையாட்டு போதும். ஆனால் அதை நம்மூர் விதிப்படி ஆட வேண்டும். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் பங்கு ஒன்று 25 ரூபாய். எதிராளி வெள்ளைக்காரக் கம்பெனி. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மா ஏறு, குடையும் தருகிறேன் என்றார்கள். அதற்கும் மசியாதபோது, 1908-இல் ஜெயில். அட்டையில் ஜெயில் கட்டம் உண்டு, அங்கே அவர் இழுத்த செக்குதான் இல்லை. நீங்கள் வரைந்துகொள்ளுங்கள்.

காலக்கெடு என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டத்தைச் சொல்லுங்கள். டெய்லர் என்ற கடற்படைக்காரர் யோசனை சொன்னது 1860-இல். திட்டத்தைத் தொடங்கிவைத்தது 2005 ஜூலை 2-இல், கடல் இல்லாத மதுரையில். நீளம் 167 கிலோமீட்டர், மதிப்பு 2,427 கோடி ரூபாய். 2007-இல் உச்ச நீதிமன்றம், வழியில் இருக்கும் ஆதம் பாலத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்றது. கால்வாய் இன்னும் முடியவில்லை. இதைக் கேட்டபின் வீட்டுப்பாடம் ஒருநாள் தள்ளிப்போனதற்குப் பிள்ளையைத் திட்ட உங்களுக்கே வாய் வராது.

இத்தனையும் முடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, "அம்மா, நாளைக்கு ஹார்பர் மாடல் கொண்டுபோகணும்" என்று பிள்ளை சொல்லும். பயிற்சி பலித்துவிட்டது, உங்களிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுத் தூங்கப்போகிறது, மேலாளர் என்றால் அப்படித்தான். ஏஐ படம் போட்டுத் தரும், தெர்மோகோலை வெட்டித் தராது. கடைக்காரர் ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிடுவார். நீலக் கலர் பேப்பர் இரண்டு, ஃபெவிகால் ஒன்று, சீக்கிரம் கிளம்புங்கள்.