பதினாறும் பெற்று

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில் ஒரே குழுவில் 16 மெயில் சர்வர்கள் வரை சேர்க்கலாம். ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்து வேலை பார்க்கும். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழலாம், லைசன்ஸ் பில் வரும்வரை. ஒவ்வொரு சர்வருக்கும் தனி லைசன்ஸ். பக்கத்து சர்வர் எப்போது சாகும் என்று காத்திருப்பதற்கும் சேர்த்துத்தான். அதற்குமேல் ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. சர்வர்கள் இரட்டைப்படையில் இருந்தால் பஞ்சாயத்துக்குச் சாட்சியாக இன்னொரு சர்வர் வேறு. 2016, 2019 பதிப்புகளுக்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு நின்றது, இனி சந்தாதான்.

இவ்வளவும் கட்டிவிட்டு பெங்களூரு கம்பெனிகள் சில எல்லா சர்வர்களையும் ஒரே ரேக்கில் வைக்கும். முன்யோசனை அதிகமென்றால், ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளில். ஜெனரேட்டர்? பேஸ்மென்ட்டில். பெல்லந்தூர் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை எந்தத் திட்ட வரைபடமும் காட்டாது.

2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலை மூழ்கியபோது, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். தலைக்கு 50 ரூபாய். பர்-யூசர் லைசன்ஸ் அங்கேயும் விடவில்லை. என்ன, வண்டி சொன்னபடி ஓடியது.