ஒன்பது மணி லேக்

ஆன்லைன் விளையாட்டு திணறி, ‘லேக் அடிக்குது’ என்று பையன் அறைக்குள்ளிருந்து கத்தினால் போதும், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் ஆளுக்கொரு குற்றவாளி. பையனுக்கு நெட் கொடுக்கிற கம்பெனி. என் மனைவிக்கு அந்த விளையாட்டே. அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். குழாயில் தண்ணீர் நின்றாலும் அம்மா அவரைத்தான் சொல்வார். எனக்கு இரும்பு பீரோ. என் கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்தது, ரவுட்டருக்கும் பையன் அறைக்கும் நடுவே நிற்கிறது. வைஃபை அலை இரும்பில் முட்டித் திரும்பும் என்பது அறிவியல். அந்த பீரோவை வெளியே தள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டும் ஒத்துப்போனது தற்செயல்தான்.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் கேபிள்காரத் தம்பி வருவார். பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறதா என்று பார்ப்பார், எரியாது. தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் போடுவார். “நாப்பது எம்பி சுளையா வருதே சார்!” என்பார். அதற்குமேல் வாயைத் திறந்தால் நாம்தான் பேராசைக்காரர்.

நாற்பது எம்பி என்பது எவ்வளவு அள்ளிக்கொண்டு வருகிறது என்கிற கணக்கு. துப்பாக்கி விளையாட்டுக்கு அவ்வளவு தேவையே இல்லை, ஒரு சினிமா பார்க்கச் செலவாகும் டேட்டாவில் பல மணி நேரம் சுட்டுத் தள்ளலாம். அதற்கு வேண்டியது, சொன்ன சொல் போய்ப் பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது. பையன் ஆடுவது வேலரண்ட், சர்வர் மும்பையில். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மதுரையிலிருந்து மும்பை ஆகாய மார்க்கமாகச் சுமார் 1,150 கிலோமீட்டர், போய்த் திரும்ப 12 மில்லி செகண்டு. ஆனால் கேபிளுக்கு நேர்வழி தெரியாது. ஊர் ஊராகச் சுற்றி, வழியில் ஒவ்வொரு பெட்டியிலும் நின்று கும்பிட்டுவிட்டுப் போவதால் 35 ஆகிறது. அதைக் குறை சொல்ல முடியாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு அது 400 ஆகிறது என்பதுதான் வழக்கு. அந்த சர்வர் நொடிக்கு 128 தடவை கணக்குப் பார்க்கிறது. 400 மில்லி செகண்டு என்றால் அங்கே உலகம் ஐம்பது தடவைக்கு மேல் மாறியாகிவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளை இன்னும் பழைய உலகத்திலேயே குறி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“சுவருக்குப் பின்னாடி வந்தப்புறம் செத்தேம்ப்பா!” என்று அவன் அலறுவதில் பொய் இல்லை. இந்த மாதிரி விளையாட்டுகளில், சுட்டவன் திரையில் அந்தக் கணம் என்ன தெரிந்திருக்கும் என்று சர்வர் காலத்தைக் கொஞ்சம் பின்னால் உருட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும். வால்வ் என்ற கேம் கம்பெனியின் யான் பெர்னியர் 2001-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். எதிராளி பார்த்தபோது இவன் வெளியேதான் நின்றான். ஆக, இவன் திரையில் இவன் தப்பித்தவன், அவன் திரையில் இவன் செத்தவன். சொத்துத் தகராறில்கூட இரண்டு தரப்பும் இவ்வளவு உண்மை பேசிப் பார்த்ததில்லை.

துப்பறிய பிங் என்ற ஒன்று இருக்கிறது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், நெட்வொர்க் ஒன்று சண்டித்தனம் பண்ணியதால், ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்த சின்ன புரோகிராம். நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவியின் ஓசையைத்தான் பெயராக வைத்தார். முதலில் வீட்டு ரவுட்டருக்கு ஒரு பிங், பிறகு வெளியே ஒரு பிங். முதலாவதே இழுத்தால் கோளாறு வீட்டுக்குள். பீரோவைச் சுற்றி ஒயர் இழுத்து, ரவுட்டருக்கு அடித்துப் பார்த்தோம்: 1 மில்லி செகண்டு. வெளியே அடித்தால் 430. பீரோ நிரபராதி. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பீரோவை ஒரு துணியால் துடைத்தார்.

அப்படியானால் கம்பெனிதான் என்று பையன் குதித்தான். ஆனால் அது ஏன் தினமும் சரியாக ஒன்பதுக்கு? ஊரே அந்த நேரத்தில் படம் பார்க்கிறது என்று சமாதானம் சொல்லலாம்தான். எங்கள் லேக்கோ பத்து மணி அடித்ததும் கத்தரித்த மாதிரி நின்றுவிடுகிறது. மதுரை அவ்வளவு சீக்கிரம் தூங்காது.

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்று பையன் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். “அப்பா... அப்பத்தா போனு.”

ஒன்பது மணிக்கு அம்மாவின் சீரியல் முடியும், போனைச் சார்ஜில் போடுவார். சார்ஜில் இருந்தால் மட்டும் போட்டோ பேக்கப் ஓடும்படி யாரோ புண்ணியவான் செட் பண்ணிக் கொடுத்திருக்கிறான். என் தங்கை மகள் வளைகாப்பில் அம்மா எடுத்த வீடியோக்கள் வரிசையாக மேலே ஏறத் தொடங்கும். பெரும்பாலானவற்றில் கதாநாயகன் அம்மாவின் கட்டைவிரல். பத்து மணிக்கு, போன் வெடித்துவிடும் என்று பயந்து சார்ஜரைப் பிடுங்கிவிடுவார். பாதி ஏறிய வளைகாப்பு மறுநாள் ஒன்பதுக்குத் தொடரும்.

ஒல்லியான சந்தில் கல்யாணச் சாமான் லாரி நுழைந்தால் பின்னால் சைக்கிள்காரர் நிற்க வேண்டியதுதானே? ரவுட்டர் பெட்டிக்குள் வீடியோக்களுக்குப் பின்னால் வரிசை அப்படி நீண்டுவிடுகிறது. இதைப் பஃபர்ப்ளோட் என்கிறார்கள். பெல் லேப்ஸில் இருந்த ஜிம் கெட்டிஸ் 2010-ல் தன் வீட்டு இணைப்பைக் குடைந்தபோதுதான் இதைப் பிடித்தார். அவர் வீட்டிலும் நெட் ஸ்லோ என்று பிள்ளைகள்தான் புலம்பியிருக்கிறார்கள். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் இதற்கு மருந்து எழுதினார்கள். வரிசையில் ரொம்ப நேரம் காத்துக் கிடப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டால், அனுப்புகிறவன் தானாக நிதானத்துக்கு வருவான். எங்கள் பழைய ரவுட்டரில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரம்பு போடலாம், அவ்வளவுதான்.

அம்மாவிடம் சார்ஜ் நேரத்தை மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன். யோசித்ததோடு சரி. அவர் போன் அனுப்புவதற்கு மட்டும் ஐந்து எம்பி வரம்பு போட்டோம். ஒன்பதேகால் மணிக்கு பிங் 37. பையன் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து தங்கை போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

“அண்ணே, வீட்ல எல்லாருக்கும் நாப்பதாம், அம்மாவுக்கு மட்டும் அஞ்சாம்ல?”