டைகருக்கு முதலையைத் தெரியாது

வண்டலூர் உயிரியல் பூங்காவில் விலங்குகளைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை போனால் கதவு மூடியிருக்கும். பூங்காச் சுவருக்கு வெளியே, பெருங்களத்தூரிலும் நெடுங்குன்றத்திலும் இந்தத் தொல்லை கிடையாது. கட்டணம் இல்லை, வார விடுமுறை இல்லை, பார்வை நேரம் என்று பலகையும் இல்லை. ஒரு நாய் மட்டும் வேண்டும். நாய் இல்லாதவர்கள் விடியற்காலையில் எழுந்து ஏரிக்கரைக்குப் போக என்ன தலையெழுத்து?

பெருங்களத்தூரில் அப்படி ஒரு நாய்க்காரர் இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் ஆசைப்பட்டு வாங்கி, பெங்களூருக்கு வேலை மாறியபோது பெற்றோரிடம் விட்டுப்போன லாப்ரடாருக்கு இப்போது அவர்தான் எல்லாம். நாயின் பெயர் டைகர். அந்தப் பக்கத்தில் "டைகர்!" என்று குரல் கொடுத்தால் தெருவுக்கு ஒரு நாயாவது திரும்பிப் பார்க்கும். அசல் புலிகள் சில கிலோமீட்டர் தள்ளி வண்டலூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது பெயர் வைத்தவர்களுக்கு உறைக்கவில்லை.

நாய்களுக்கு உறைத்திருக்கிறது. சிங்கத்தின் கர்ஜனை அமைதியான இரவில் 8 கிலோமீட்டர் வரை கேட்கும். காற்று தோதாக அடிக்கும் நாட்களில் அந்தச் சத்தம் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு வந்து சேரும். அப்போது டைகர் கட்டிலுக்கு அடியில் இருக்கும். 2025 அக்டோபரில், சஃபாரிப் பகுதியில் விடப்பட்ட ஓர் ஆண் சிங்கம் இரவு கூண்டுக்குத் திரும்பவில்லை என்று செய்தி வந்தது. அது பூங்கா எல்லைக்குள்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். ஓரிரு நாளில் சிங்கமும் திரும்பிவிட்டது. அந்த ஓரிரு நாளும் நம்மவர் டைகரை மொட்டை மாடியிலேயே நடக்க வைத்தார். மாடிக்கு வெளிப்படிக்கட்டு ஒன்று இருப்பதை மனைவி நினைவூட்டியதும், கூடத்தில் நடக்க வைத்தார்.

இதில் விலங்குகள் மேல் பழி போடவும் முடியாது. மெட்ராஸ் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் தொடங்கிய விலங்குக் காட்சி, பார்க் டவுனில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 1985-இல் வண்டலூர்க் காப்புக்காட்டுக்குக் குடிபோனது. இன்று அதன் பரப்பு 602 ஹெக்டேர். அது வந்தபோது சுற்றிலும் ஏரியும் வயலும் புதர்க்காடும்தான். மனைப்பிரிவுகளும், அவற்றுக்கு வைக்கப்பட்ட 'லேக் வியூ' வகைப் பெயர்களும் பின்னால் வந்தவை. ஏரியைக் காட்டி வீடு விற்றவர்கள் ஏரிக்குள் இருப்பதைப் பற்றி விளம்பரத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

அதைச் சொன்னது மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 4, கொட்டுகிற மழை, இருட்டு. பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடந்து போனதைக் காரில் இருந்தவர்கள் படம் பிடித்தார்கள். சாலை விதிகளை அது மதித்தது என்றே சொல்ல வேண்டும். யாரையும் முந்தவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, நேராகக் கடந்து புதருக்குள் போய்விட்டது. அன்று தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் மின்சாரம் இல்லை. இருந்தும் அந்தக் காட்சி எல்லார் கைப்பேசிக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தது.

சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலர் சுப்ரியா சாகு உடனே விளக்கம் தந்தார். சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன, அவை கூச்ச சுபாவம் உள்ளவை, மனிதர்களை ஒதுங்கிப் போகிறவை, வெள்ளத்தில் வெளியே வந்திருக்கிறது, சீண்டாமல் இருந்தால் பயமில்லை என்பது அதன் சாரம். முதலை கூச்சப்படும் என்ற தகவல் நம்மவருக்கு ஆறுதல் தரவில்லை. கூச்ச சுபாவம் உள்ள மேலாளர்கள் சிலரிடம் அவர் வேலை பார்த்திருக்கிறார்.

நெடுங்குன்றம் பக்கத்து ஏரிகளில் முதலை உண்டு என்பது அங்கே ஆடு மேய்ப்பவர்களுக்குப் பழைய செய்தி. புதிதாக வீடு கட்டி வந்தவர்களுக்குத்தான் அது 'பிரேக்கிங் நியூஸ்'. ஏரிக்கரை டீக்கடைக்காரர் நம்மவரைப் பல தடவை எச்சரித்திருக்கிறார்.

"அந்தப் பக்கம் நாயைக் கூட்டிட்டுப் போவாதீங்க சார், முதலை கெடக்கு."

"நீங்க பாத்தீங்களா?"

"எங்க மச்சான் பாத்தான். எட்டடி."

அடுத்த வாரம் அது பத்தடி ஆகியிருந்தது. பொங்கலுக்குள் பதினைந்தைத் தொட்டது. நம் ஊரில் முதலைகள் தண்ணீரில் வளர்வதைவிட டீக்கடையில் வேகமாக வளர்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் நீந்தி வருகின்றன என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி கிளம்பி, அப்படி எதுவும் தப்பவில்லை என்று பண்ணைக்காரர்களே மறுக்க வேண்டி வந்தது.

புரளியைக் கழித்துவிட்டாலும் கவலைப்பட மிச்சம் இருக்கிறது. சதுப்புநில முதலை கண்ணையும் மூக்கையும் மட்டும் தண்ணீருக்கு மேல் வைத்துக்கொண்டு கரையோரம் அசையாமல் கிடக்கும். தண்ணீர் குடிக்க வரும் ஆடும் நாயும் அதற்கு வாசலுக்கே வரும் சாப்பாடு. டைகருக்கோ தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது. அதன் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மீனவர்களோடு வேலை செய்தவை. அங்கே முதலை கிடையாது என்பதால், முதலையைப் பற்றி அதன் ரத்தத்தில் எந்தத் தகவலும் இல்லை.

நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தின் சாவித்திரி ஆற்றில், தெருநாய்கள் துரத்தியதால் ஓர் இளம் நாய் தண்ணீருக்குள் பாய்ந்தது. அங்கே மிதந்துகொண்டிருந்த மூன்று முதலைகள் அருகில் வந்து, கடிக்காமல், மூக்கால் தள்ளித் தள்ளி அதைப் பத்திரமான கரைப்பக்கம் திருப்பிவிட்டன என்று ஆய்வாளர்கள் 2023-இல் ஓர் அறிவியல் இதழில் எழுதினார்கள். இது இரக்கமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வயிறு நிறைந்திருக்கலாம் என்பது மற்றவர்கள் கருத்து. சாவித்திரி முதலையின் நல்ல மனசை நம்பி நெடுங்குன்றத்து முதலையிடம் நாயை விட முடியாது என்று முடிவு செய்து, நம்மவர் ஏரிக்கரையைக் கைவிட்டார்.

அடுத்த பாதை, வீடு கட்டாத மனைகளின் ஊடே போனது. நடப்பட்ட எல்லைக்கற்கள், சீமைக்கருவேலம், கொட்டிய கட்டட இடிபாடு. எலிக்கும் பெருச்சாளிக்கும் இது சொர்க்கம். ஆகவே பாம்புக்கும்.

நாய் பாம்பை மூக்கால் தேடும். கடியும் பெரும்பாலும் மூஞ்சியிலோ முன்னங்காலிலோதான் விழும். மனிதர் பாம்பைத் தேடுவதில்லை, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அதன் மேல் கால் வைப்பார். இரண்டு பேரும் ஒரே சங்கிலியில் போகும்போது பாம்புக்குத்தான் குழப்பம். இந்தப் பகுதியில் கண்ணில் படுவதில் பெரும்பகுதி விஷமற்ற சாரையும் தண்ணீர்ப் பாம்பும். ஆனால் நல்ல பாம்பும், கட்டுவிரியனும், கண்ணாடி விரியனும் உண்டு. கண்ணாடி விரியன் சீறினால் குக்கர் ஆவி விடுவது மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் புதருக்குள்ளிருந்து வந்த ஒரு மாலையில், டைகர் தலையைச் சாய்த்து இட்லி எங்கே என்று தேடியது. நம்மவர் தேடவில்லை. அவர் வயதில் அந்த ஓட்டத்தை மருத்துவர் பரிந்துரைத்திருக்க மாட்டார்.

பாம்புக்கும் தாம்பரத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் தம் பாம்புப் பண்ணையை முதலில் வைத்தது பக்கத்துச் சேலையூரில்தான். 1972-இல் அது கிண்டிக்குப் போனது. அவரோடு வேலை செய்த, பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர்கள் இதே செங்கல்பட்டுச் சீமைக்காரர்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும், மலைப்பாம்பு பிடிக்க 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயல், ரக்கூன் என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் தின்றுகொண்டிருந்தன. இருவரும் போய்த் தடம் பார்த்துப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஃபுளோரிடாக்காரர்கள் அதே சமயத்தில் மோப்பம் பிடிக்க லாப்ரடார் நாய்களையும் பழக்கினார்கள் என்று நம்மவர் எங்கோ படித்தார். டைகரை நிமிர்ந்து பார்த்தார். அது ஒரு பிளாஸ்டிக் பையை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.

மனைவி ஒரு யோசனை சொன்னார். கிழக்குத் தாம்பரத்தில் மச்சினர் வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நடக்கலாம், ஊர் நடுவில் என்ன மிருகம் வந்துவிடப் போகிறது?

ஊர் நடுவில் சென்னை கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு மாறிய கல்லூரி அது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரம் மரமாக நட்டார்கள். அந்த 365 ஏக்கரில் இன்றும் புள்ளிமான்கள் திரிகின்றன. சுற்றுச்சுவர் ஓரமாக டைகரோடு போனபோது, கம்பிவேலி இடைவெளியில் ஒரு புள்ளிமான் நின்று பார்த்தது. முதலைக்கும் பாம்புக்கும் அசையாத டைகர் அன்று முதல்முறையாகத் தன் பெயருக்கு ஏற்ப நடந்துகொண்டது. ஒரே இழுப்பு. நம்மவர் சங்கிலியின் மறுமுனையில் கொஞ்ச தூரம் போனார். நடந்தார் என்று சொல்ல முடியாது.

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. மானைப் பொறுத்தவரை அந்தச் சாலையில் வந்த காட்டு மிருகம் டைகர். நாய் கடிக்கக்கூட வேண்டாம். துரத்தினாலே போதும், அதிர்ச்சியில் மான் செத்துப்போகும். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் மான்களையும் வெளிமான்களையும் நாய்கள் கொன்றதால், 2020 வாக்கில் நாய்களைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். அதை எதிர்த்து நாய் ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நாய்க்குப் பரிந்து பேச வழக்கறிஞர் கிடைத்தார். வெளிமானுக்கு வாட்ஸ்அப் குழுகூடக் கிடையாது.

கடியைவிட மோசமானது நோய். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தன. அவற்றில் பலவற்றின் உடலில் இருந்தது நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ். இதே வைரஸ் 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்களின் மூன்றில் ஒரு பங்கை அழித்தது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு சிங்கத்தின் சத்தத்தைக் கேட்கும் டைகர், தடுப்பூசி போடாவிட்டால் சிங்கம் பயப்பட வேண்டிய பிராணி.

நம்மவர் அதற்குப் பிறகும் பாதை மாற்றிப் பார்த்தார். நன்மங்கலம் காப்புக்காட்டுப் பக்கம் போனால் பழைய கல்குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை உட்கார்ந்து பார்க்கிறது; முயலும் கீரியும் குறுக்கே ஓடுகின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்தே 2022-இல் கிடைத்துவிட்டது. அங்கே நாயை அவிழ்த்துவிட்டால் உலகம் கேள்வி கேட்கும். விலங்கே இல்லாத நடைபாதை தென்சென்னைப் புறநகரில் எங்கும் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். விலங்கு இல்லாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது ஜி.எஸ்.டி. சாலை, அங்கே லாரி இருக்கிறது.

இப்போது அவர் நாய் வளர்ப்போருக்குச் சொல்வது நான்கு விஷயம். சங்கிலி குட்டையாக இருக்கட்டும், கையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரியோரம் போகாதீர்கள். தண்ணீரை வீட்டிலேயே குடிக்க வைத்துக் கூட்டிப்போங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். உங்களைப் பாம்பு கடித்தால் கடித்ததைத் தேடிப் பிடித்துப் படமெடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், நாயைக் கடித்தால் நேராகக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நான்காவது, வெறிநாய்த் தடுப்பூசியோடு டிஸ்டெம்பர் தடுப்பூசியையும் ஆண்டு தவறாமல் போட்டுவிடுங்கள். அது டைகருக்காக மட்டும் இல்லை, வண்டலூரில் இருக்கும் சிங்கத்துக்காகவும்தான்.