அழகர் செய்தது பேக்கோர்ட்டா?

பெறுநர்: விதி வகுக்கும் பெரியவர்கள், பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனம், மீஸ், சுவிட்சர்லாந்து.

ஐயாமாரே, அம்மாமாரே,

அழகர்மலை அடிவாரத்தில் விசில் ஊதிப் பிழைக்கும் ஒருவனின் விண்ணப்பம். உங்கள் விதிநூலின் 30-ஆம் பிரிவால் பாதிக்கப்பட்டவன் நான். 28-ஆம் பிரிவு தனியாகப் பாதித்தது.

30-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: நடுக்கோட்டைத் தாண்டிய பந்தைத் திரும்பத் தன் பின்பாதிக்குக் கொண்டுவரக் கூடாது; கொண்டுவந்தால் 'பேக்கோர்ட்' குற்றம். டீக்கடையில் சொன்னால் அரை கிளாஸ் காலியாவதற்குள் புரிந்துவிடும் சங்கதி. அதை நீங்கள் எழுதியிருக்கும் அழகைப் பார்த்தால் பத்திர எழுத்தரே மயங்கிவிடுவார்.

கோட்டின் அகலம் ஐந்து சென்டிமீட்டர். அது பின்பாதிக்குச் சொந்தம் என்கிறீர்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறவனின் இரண்டு காலும், பந்தும், மூன்றும் முழுசாக அந்தப் பக்கத் தரையில் பட்டால்தான் அவன் முன்பாதிக்கு வந்ததாகக் கணக்கு. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்திருப்பவன் சட்டப்படி இன்னும் கிளம்பவே இல்லை. பின்பாதியைக் கடக்க 28-ஆம் பிரிவு தரும் எட்டு விநாடி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 2000 வரை பத்து கொடுத்தீர்கள். அதிலும் இரண்டைப் பிடித்தம் செய்துவிட்டீர்கள். இத்தனையையும் நான் ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும். எங்கள் சிமென்ட் தரையில் போன வருஷத்துப் பெயின்ட் பாதி உரிந்துவிட்டது, மீதியைப் புளிய இலை மூடியிருக்கிறது.

அந்தரத்து விவகாரம் இதைவிட விசேஷம். எதிரணிக்காரன் தன் முன்பாதியிலிருந்து எம்பி, பந்தைப் பறித்து, தன் பின்பாதியில் இறங்கினால் குற்றமில்லை. இறங்குவதற்கு முன்பே, பின்பாதியில் நிற்கும் கூட்டாளிக்குத் தட்டிவிட்டால் குற்றம். தானே கொண்டுபோகலாம், பங்காளிக்குக் கொடுக்கக் கூடாது! சொந்த அணியின் த்ரோ-இன் பந்தை அப்படி எம்பிப் பிடித்துப் பின்பாதியில் இறங்கினாலும் குற்றம்தான். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலோ அது குற்றமில்லை. ராத்திரி முழுக்க அந்த ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் காலையில் வரும் பையன்களுக்கு நீங்களே வந்து விளக்குங்கள்.

முன்பாதியில் நிற்கும் நடுவர்மேல் பந்து பட்டால், முன்பாதித் தரையில் பட்ட மாதிரியாம். என்னைத் தரை என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஊரார் ஏற்கெனவே அப்படித்தான் மிதிக்கிறார்கள்.

கூடைப்பந்தை உருவாக்கிய நெய்ஸ்மித் 1891-இல் எழுதிய பதின்மூன்று விதிகளில் நடுக்கோடே கிடையாது. முன்னணியில் இருக்கும் அணி பந்தை மைதானம் முழுக்க இழுத்தடித்து நேரத்தைக் கடத்தியதால், 1932-இல் அமெரிக்காவில் மைதானத்தைப் பாதியாக்கிப் பத்து விநாடிக் கெடு வைத்தார்கள். அதே 1932-இல்தான் ஜெனீவாவில் நீங்களும் பிறந்தீர்கள். என்ன ஜாதகப் பொருத்தம்!

விதியை மனசில் பதியவைக்க எங்கள் மலைச்சாமி அழகரையே வைத்துச் சோதித்துப் பார்த்தேன். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு இந்த மலையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் வருகிறார். தங்கக் குதிரையோடு வைகையில் இறங்கும்போதே கல்யாணம் முடிந்த சேதி கிடைக்கிறது. கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் போய், மலைக்கே திரும்பிவிடுகிறார். ஊர்க்கதை இது. மலை பின்பாதி, மீனாட்சி பட்டணம் முன்பாதி, வைகை நடுக்கோடு. கோடு பின்பாதிக்குச் சொந்தம். இறங்கியவர் அக்கரை மண்ணை மிதிக்கவில்லை. ஆகவே பேக்கோர்ட் இல்லை. எட்டு விநாடிக் கணக்குதான் கொஞ்சம் இடிக்கிறது. இத்தனை லட்சம் சனம் பார்த்தும் ஒருத்தர்கூட "ரெஃப்ரி அண்ணே, கண்ணு தெரியலையா?" என்று கேட்டதில்லை. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உண்மையில் விசில் வாயில் இருக்கும்போது நான் பார்ப்பது இரண்டைத்தான். முன்பாதியில் பந்தைக் கடைசியாகத் தொட்டது யார்? பின்பாதியில் முதலில் தொட்டது யார்? இரண்டும் பந்தை வைத்திருந்த அணியே என்றால் ஊதிவிடுவேன். முன்பாதியில் கடைசியாக எதிரணிக்காரன் விரல் பட்டிருந்தால் ஊதமாட்டேன். அந்த விரல்நுனி பட்டதா இல்லையா என்பதில்தான் சட்டைக் காலர் கிழிகிறது.

உங்களிடம் ரீப்ளே இருக்கிறது. எங்களிடம் கோவில் வாசலில் காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பு இருக்கிறார். கொடுக்கல் வாங்கல், வரப்புத் தகராறு எல்லாம் அவர் கதவுக்கு முன்னால் சத்தியத்தில் தீர்ந்திருக்கின்றன. ஆகவே 30-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கக் கோருகிறேன்: "என் கை படவே இல்லை" என்கிற ஆட்டக்காரர் அங்கே வந்து சூடம் அணைத்துச் சொல்லட்டும். அவர் போய்வரும் வரை 24 விநாடிக் கடிகாரத்தை நிறுத்திவைப்பதா, ஓடவிடுவதா என்பதை மட்டும் அடுத்த பதிப்பில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நடுக்கோட்டில் நிற்கும் தரை,
அழகர்கோவில், மதுரை மாவட்டம்.