பனியை நம்பாத பண்டிதர்

1848 ஏப்ரலில் யோகான்னஸ் ரெப்மான் என்ற ஜெர்மானியப் பாதிரியார், மொம்பாசாவுக்குப் பக்கத்து ரபாயிலிருந்து மேற்கே, கிளிமஞ்சாரோ மலைப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். அவரை ஊழியத்துக்கு அனுப்பியது, திருநெல்வேலிக்கு ரேனியஸ் ஐயரை அனுப்பிய அதே சர்ச் மிஷனரி சொசைட்டி. காண்டாமிருகமும் யானையும் உலாவுகிற காட்டுக்கு ரெப்மான் ஐயர் எடுத்துக்கொண்ட ஆயுதம் ஒரு குடை!

வழிகாட்டி புவானா கேரியை மொம்பாசா ஆளுநர் முன்பே எச்சரித்திருந்தார்: "ஐயரை அந்த மலையில் மட்டும் ஏற்றிவிடாதே. அங்கே ஜின்கள் இருக்கின்றன. ஏறினால் கை கால் விறைத்துப்போகும், துப்பாக்கி மருந்துகூடப் பற்றாது." அறிகுறி எல்லாம் அச்சு அசல் பனிக்கடிதான். பழி மட்டும் ஜின்கள் தலையில் விழுந்துவிட்டது.

மே 11, காலை பத்து மணி. தூரத்து மலை உச்சியில் பளீரென்று ஏதோ வெள்ளை. ஐயர் முதலில் மேகம் என்றுதான் நினைத்தார். கேரியைக் கேட்டால், "அதுவா? குளிர்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் விளக்கம். ஐயருக்குப் புரிந்துவிட்டது: பனி! பூமத்திய ரேகைக்கு மூன்றே பாகை தெற்கே! உட்கார்ந்து 111ஆம் சங்கீதம் வாசித்தார்.

செய்தி லண்டன் போனது. அங்கே டெஸ்பரோ கூலி என்றொரு புவியியல் மேதை. ஆப்பிரிக்காவைக் கரைத்துக் குடித்தவர். காலை மட்டும் அங்கே வைத்ததில்லை. அந்த வெயிலில் பனியாவது, பாதிரியார் ஆசையால் கண்ட காட்சி என்று தள்ளிவிட்டார். மறுவருடம் ரெப்மானின் கூட்டாளி கிராப்ஃப் கென்யா மலையிலும் பனியைப் பார்த்தார். ஒரு புளுகுக்கு இன்னொரு புளுகு சாட்சி என்றாகிவிட்டது. 1862இல் ஃபான் டெர் டெக்கன் பிரபு கிளிமஞ்சாரோவில் பாதிக்கு மேல் ஏறி, தன் தலையிலேயே பனி விழுந்த கதையைச் சொன்னார். கூலி அப்போதும் மசியவில்லை. படித்தவர் பிடிவாதத்துக்கு மருந்தேது?

1871இல் சார்லஸ் நியூ என்ற இன்னொரு பாதிரியார் நேரே போய்ப் பனியைக் கையால் தொட்டார். உச்சி, 5,895 மீட்டர், 1889இல்தான் ஹான்ஸ் மேயருக்கும் புர்ட்ஷெல்லருக்கும் வசப்பட்டது. ரெப்மான் கடைசிவரை அந்த மலையில் ஏறவே இல்லை. ஏறத்தாழ முப்பது வருடம் ஆப்பிரிக்காவிலேயே ஊழியம் செய்து, பார்வை இழந்து, 1875இல் ஊர் திரும்பினார்.

லண்டன் நூலகம் முழுக்கத் தேடியும் கிடைக்காத விடையை ஒரே சொல்லில் சொன்னவர் கேரிதான். இன்று உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கிளிமஞ்சாரோவில் யாரையும் ஏறவிடுவதில்லை.