கையோடு வந்த கைப்பிடி

வாருங்கள், உட்காருங்கள். கடைசி வரிசையில் உங்களுக்கும் சேர்த்துத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன். ஊர் துனிஸ். தேதி 2005 நவம்பர் 16. ஐ.நா. சபையின் உலகத் தகவல் சமுதாய உச்சி மாநாடு. இந்தப் பூமியில் இதுவரை நடந்த லேப்டாப் அறிமுக விழாக்களிலேயே பரிதாபமான ஒன்றைப் பார்க்கப்போகிறீர்கள்.

மாநாட்டின் நோக்கம், ஏழை நாடுகளுக்கும் இன்டர்நெட்டைக் கொண்டுபோவது. விருந்தோம்பும் துனிசியாவிலோ, அதிபர் பென் அலிக்குப் பிடிக்காத பல வெப்சைட்டுகள் திறக்கவே திறக்காது. மதுவிலக்கு மாநாட்டுக்கு ஒயின்ஷாப் ஓனர் மண்டபம் கொடுத்த மாதிரி!

மேடையில் நிற்பவர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே. எம்.ஐ.டி. மீடியா லேபை நிறுவியவர்களில் ஒருவர். 1995லேயே ‘பீயிங் டிஜிட்டல்’ என்று புத்தகம் எழுதி, எதிர்காலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து வைத்தவர். நல்ல மனசுக்காரர், பேச்சு சர்க்கரை. ஒரே ஒரு சிக்கல், அவர் படித்தது ஆர்க்கிடெக்சர். சொந்த வீடு கட்டியவர்களுக்கு இந்நேரம் வயிற்றைக் கலக்கியிருக்கும். எஸ்டிமேட் சொல்லப்போவது யார் என்று பாருங்கள்!

எஸ்டிமேட், 100 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 4,500 ரூபாய்க்கு ஒரு முழு லேப்டாப். உலகத்தில் உள்ள ஒவ்வொரு ஏழைக் குழந்தைக்கும் ஒன்று. இந்த விலையை அவர் அந்த ஜனவரியிலேயே டாவோஸில் சொல்லிவிட்டார். அப்போது மெஷின் இல்லை, விலைதான் இருந்தது. பெண் பார்ப்பதற்கு முன்பே பேரனுக்குப் பெயர் வைத்துவிட்டு ஊரெல்லாம் சாக்லேட் கொடுப்பவர்களை நாம் பார்த்ததில்லையா?

“சரி, எனக்கு ஒன்று கொடுங்க” என்று பர்ஸை எடுக்காதீர்கள். அரசாங்கங்களுக்கு மட்டும்தான் விற்பனை. அதுவும் குறைந்தது பத்து லட்சம் பீஸ். அரைக்கிலோ கத்தரிக்காய் கேட்டவரிடம் லாரியோடு ஓட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்.

இதோ, துணியை விலக்குகிறார்கள். குட்டியாக, கிளிப்பச்சை நிறத்தில் ஒரு பெட்டி. பக்கவாட்டில் மஞ்சளாக ஒரு கைப்பிடி. கரன்ட் இல்லாத கிராமத்தில் குழந்தை இதைச் சுற்றிச் சுற்றி சார்ஜ் ஏற்றிக்கொள்ளுமாம். அந்தக் காலத்து அம்பாசடருக்கு முன்னால் நின்று ஹேண்டில் போட்டிருக்கிறீர்களா? அதே டெக்னாலஜிதான். அதை மடியில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவே வித்தியாசம்.

ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வருகிறார். நோபல் பரிசு வாங்கிய கை. குரலைக்கூட உயர்த்தாத மனிதர். மஞ்சள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிறார்... கைப்பிடி கையோடு வந்துவிட்டது!

மிதிலையில் வில் ஒடிந்தபோதாவது கல்யாணம் நடந்தது. இங்கே ஒடித்தவருக்கும் தர்மசங்கடம், செய்தவருக்கும் தர்மசங்கடம்.

அன்னான் மேல் தப்பில்லை. லேப்டாப் உடம்பிலேயே கைப்பிடியை வைத்தால், சுற்றுகிற பலம் முழுவதும் அந்த பிளாஸ்டிக் உடம்பைத்தான் முறுக்கும். நம் பாட்டிகள் வீட்டு முறுக்கு அச்சுக்குக்கூட இது தெரியும், அதனால்தான் அது பித்தளையில் இருந்தது. கடைசியில் விற்பனைக்கு வந்த மெஷினில் இந்தச் சுற்றுகிற கைப்பிடியே கிடையாது. ஆனால் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தது அதைத்தான்.

அடுத்த மாதமே இன்டெல் சேர்மன் கிரெய்க் பாரட் கொழும்புக்கு வந்தார். வந்த இடத்தில், இதெல்லாம் லேப்டாப்பே இல்லை, ஏதோ 100 டாலர் சாமான் என்கிற ரீதியில் ஒரு வெட்டு வெட்டினார். ஆகா, என்ன தொழில்நுட்பக் கறார் என்று வியக்க வேண்டாம். பச்சைப் பெட்டிக்குள் இருந்த சிப், சிப் தொழிலில் இன்டெலுக்குப் போட்டிப் பங்காளியான ஏ.எம்.டி.யுடையது. பிறகு அதே இன்டெல் 2007 ஜூலையில் நெக்ரோபான்டேயின் குழுவில் சேர்ந்தது. 2008 ஜனவரியில் கோபித்துக்கொண்டு வெளியேறியது. தீபாவளிச் சீரை வாங்கிக்கொண்டு பொங்கல் சீருக்குச் சண்டை போட்ட சம்பந்தி!

எஸ்டிமேட் என்ன ஆயிற்று? 2007 இறுதியில் மெஷின் உற்பத்திக்கு வந்தபோது 188 டாலர். வீடு கட்டியவர்களே, நான் சொன்னேனா இல்லையா?

மெஷின் மோசமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் ஏழரை அங்குலத் திரையைக் கொளுத்தும் வெயிலில்கூடப் படிக்கலாம். மேரி லூ ஜெப்சன் என்கிற பெண்மணியின் கைவண்ணம் அது. உருகுவே நாடு தன் அரசுப் பள்ளிகளின் ஆரம்ப வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தே விட்டது. ஏழரை என்றால் சனி என்று நினைக்கிற நாம்தான் கொடுத்து வைக்கவில்லை.

ஏழைக்காக நெக்ரோபான்டே கண்ட கனவில் காசு பார்த்தது தைவான். 2007 ஜூனில் தைபே கண்காட்சியில் ஆசுஸ் நிறுவனம், ஒரு கிலோகூட எடையில்லாத ஈ பி.சி. என்ற குட்டி லேப்டாப்பைத் தூக்கிக் காட்டியது. ஆங்கிலத்தில் எழுதினால் பெயரில் மூன்று ‘ஈ’, மூன்றும் ‘ஈஸி’யாம். அவர்களும் 199 டாலர் என்றுதான் ஆரம்பித்தார்கள். கடைக்கு வந்தபோது விலை ஈஸியாக ஏறியிருந்தது. ஆனாலும் ஏழைக் குழந்தைக்கு என்று யோசித்த சைஸை, ஏற்கெனவே வீட்டில் இரண்டு லேப்டாப் வைத்திருந்தவர்கள் கியூவில் நின்று வாங்கினார்கள்.

இந்தியா என்ன செய்தது? 2006இல் நம் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம், இதனால் குழந்தைகள் படிப்பார்கள் என்பதே சந்தேகம் என்று பச்சைப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டது. நியாயமான சந்தேகம்தான். அதோடு விட்டிருக்கலாம். நாங்களே செய்கிறோம், 10 டாலருக்கு என்று ஒரு பேச்சு கிளம்பியது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் வாயைப் பிளந்தன.

2009 பிப்ரவரி 3. வாருங்கள், மறுபடியும் கடைசி வரிசைதான். ஊர் திருப்பதி. மேடையில் அமைச்சர் அர்ஜுன் சிங். காட்டிய பெட்டி பத்து அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம். பாடங்களைச் சேமித்து வைத்துக்கொள்ளலாமாம். சரி, திரை எங்கே? இல்லை. கீபோர்டு? அதுவும் இல்லை.

பக்கத்து சீட் நிருபர் பெட்டியின் முன்னே பின்னே எட்டிப் பார்க்கிறார். என்னிடம் கேட்டால்? திருப்பதிக்கு வந்த இடத்தில் வேண்டுதல் போலிருக்கிறது, லேப்டாப் மொட்டை போட்டுக்கொண்டிருந்தது.