பாவித்த மெஷின் வாங்கும் முறை

வெட்டிய மரத்தைக் காட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு இழுத்துவரும் வாகனத்தை வட அமெரிக்காவில் ஸ்கிடர் என்பார்கள். நான்கு சக்கரமும் பெரியவை. உடம்பு இடுப்பில் மடிந்து திரும்பும். முன்னால் மண் தள்ளும் தட்டு, பின்னால் வின்ச். கட்டையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து, மறுமுனையை நிலத்தில் உரசவிட்டு இழுப்பதால் கட்டை மண்ணில் குத்தி நிற்பதில்லை. புத்தளம் கரையோரத்தில் இந்த வாகனத்தைக் கண்டவர் இல்லை. அதனால் ஆசையும் இல்லை என்று கொள்ளக்கூடாது. மதுரங்குளிக்கும் முந்தலுக்கும் நடுவே 3 ஏக்கர் தென்னங்காணியும் வேலியோரம் 62 தேக்கும் வைத்திருப்பவர், மரம் தறித்த மறுநாளே ஒரு முடிவுக்கு வருகிறார். கூலிக்கு ஒரு மெஷின் பிடித்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும் வேலைக்குச் சொந்தமாகவே ஒன்று வாங்குவது என்பதே அந்த முடிவு. இது புத்தியா புத்தியீனமா என்பது கட்டுரையின் இறுதியில் ஆராயப்படும்.

மெஷின் என்றால் இங்கே நாலு சக்கர உழவு இயந்திரம். அதிலும் சிவப்பு மாஸி பெர்குசன். சென்னையில் 1960இல் தொடங்கிய டாபே நிறுவனம் செய்த மாஸிகளும் இலங்கைக்கு நிறைய வந்தன. 135, 240 ஆகிய இரு மாதிரிகளுக்கும் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இயந்திரம். எந்தக் கராஜ் பாஸும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். பூட்டும்போது கண்ணைத் திறப்பாரா என்பது ஆளைப் பொறுத்தது.

உழவு இயந்திரத்தால் மரம் இழுக்கலாம்; ஆனால் சங்கிலியைக் கட்டும் இடம் முக்கியம். 10 அடி நீளமும் 1 அடி விட்டமும் உள்ள பச்சைத் தேக்குத் துண்டு ஏறத்தாழ 200 கிலோ நிறை. சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே மாட்டிவிட்டு, கட்டை ஒரு வேரில் சிக்கிய நேரத்தில் கிளச்சை விட்டால், முன் சக்கரங்கள் எழும்பி மெஷின் ஓட்டுநரின் மேல் குப்புற விழும். அதற்கு இரண்டு வினாடிகூட ஆகாது. இந்தக் கட்டுரையில் பயனுள்ள பகுதி இது ஒன்றுதான். அவசரக்காரர் இத்தோடு எழுந்து போகலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கம் வரை அந்தத் தடை நீடித்ததில், பாவித்த வாகனம் வைத்திருந்தவரெல்லாம் பரம்பரைச் சொத்துக்காரரைப் போல் பேசப் பழகிக்கொண்டார்கள். தடை நீங்கிவிட்டது. பேச்சு நீங்கவில்லை.

பாவித்த மெஷின் பார்க்க எவரும் தனியாகப் போவதில்லை. விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவார். அவருக்கு மெஷினைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் போல் இடுப்பில் கைவைத்து நிற்கத் தெரிந்தால் போதும். சவூதியில் பதினொரு வருடம் வாகனம் ஓடிய மச்சான் என்றால் மிகச் சிறப்பு. ஓடியது தண்ணீர் பவுசர் என்பதை யாரும் கிளறுவதில்லை. மச்சான் கிடைக்காவிட்டால் ஓய்வுபெற்ற அதிபர். அவரும் இல்லையென்றால் மச்சானின் மச்சான். யார் போனாலும் முதலில் செய்யும் காரியம் ஒன்றுதான்: பின் டயரை உதைப்பது.

உதைக்கும் கால் வலது. காலில் இருப்பது பாட்டா. டயரோ ஒரு ஆளின் மார்புக்கு வரும். இழுவைக்குப் பாரம் வேண்டுமென்று அதற்குள் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். ஒரு டயருக்கு நூறு லீற்றருக்குக் குறையாது. அதை உதைத்தால் “தொப்” என்று ஒரு சத்தம் வரும். புது டயரிலும் அதே தொப். நூல் தெரியத் தேய்ந்த டயரிலும் அதே தொப். உதைத்தவர் அந்தத் தொப்பைக் காதில் வைத்துக்கொண்டு தூரத்துத் தென்னைகளைப் பார்ப்பார். விற்பவர் மரியாதையாகக் காத்திருப்பார். பிறகு மறுபக்கம் போய் அடுத்த டயரையும் உதைப்பார். முதல் டயர் தனியாக மனத்தாங்கல் படக்கூடாதல்லவா! “ம்” என்பார். அந்த “ம்”முக்கு விலை ஐந்து சதம்கூட இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

டயர் விஷயம் இத்துடன் முடிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. உதைத்தால் உண்மையிலேயே ஏதாவது தெரியக்கூடிய சக்கரம் முன் சக்கரம். அதைக் காலாலோ கையாலோ பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்டியரிங் எவ்வளவு தொளதொளத்திருக்கிறது, முன் அச்சின் புஷ் தேய்ந்துவிட்டதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை எவரும் உதைப்பதில்லை. சின்னச் சக்கரத்தை உதைப்பது பெரிய மனிதருக்கு அழகில்லை போலும். இன்னொன்று: உதைப்பவர் உதைத்து முடித்ததும், வாங்க வந்தவரும் ஒரு உதை உதைத்துப் பார்க்க வேண்டும் என்பது எழுதாத விதி. இவருக்குப் பழக்கம் போதாது, வேகம் கூடிவிடும். இக்கட்டுரையாளரின் வலது பெருவிரல் நகம் சென்ற வெள்ளிக்கிழமையிலிருந்து கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. டயர் நல்ல நிலையில் உள்ளது.

செய்ய வேண்டிய சோதனைகள் வேறு. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போய் நிற்க வேண்டும். போகும்போதே சூடாக இருந்தால், காலையில் தள்ளி ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. ஒயில் கோலில் பால் கலந்த தேநீர் நிறம் இருக்கக்கூடாது. பின்புறத் தூக்கியில் பாரத்தை ஏற்றி, ஒரு பிளேன் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அது ஏறிய உயரத்திலேயே நிற்க வேண்டும். மணிக்கூட்டை நம்ப வேண்டாம். பழைய மெஷின்களில் அது இயந்திரத்தின் சுழற்சியை எண்ணி மணியாகக் காட்டுவது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஓடினால் மட்டுமே அந்த மணியும் சுவர்க் கடிகார மணியும் ஒத்துப்போகும். பெரும்பாலும் கேபிளே அறுந்திருக்கும் என்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

கரையோரத்தில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. உடப்புப் பக்கம் அம்பா பாடிக்கொண்டு ஆட்கள் இழுத்த கரைவலைக் கயிற்றைப் பிறகு மெஷின்கள் இழுக்கத் தொடங்கின. மெஷினால் வலை இழுப்பது கூடுமா கூடாதா என்ற வழக்கு வேறு. வலை இழுத்த மெஷின் பின்னால் வின்ச்சோடு வரும் என்பதுதான் இங்கே விஷயம். மரம் இழுக்க ஆசைப்படுபவருக்கு அதைக் கண்டதும் கண் கலங்கும். ஏறக்குறைய ஒரு ஸ்கிடரே அது! ஆனால் அலைக்கரையில் நின்று உப்புத்தண்ணீர் குடித்த இரும்பு உள்ளுக்குள் அப்பளம் போல் ஆகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை பார்த்த மெஷினில் வின்ச் இல்லை. “வயல்ல மட்டுந்தான் ஓடினது சேர், வீட்டுப் பாவன” என்றார் விற்பவர். பெயின்ட் புதிது. பொனட், சில்லு, கிரீஸ் நிப்பிள், பற்றரி முனை, டீசல் குழாய் எல்லாமே ஒரே சிவப்பு. இழுவைச் சட்டத்தைப் பார்க்கக் குனிந்தபோது, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே ஒரு சிறிய சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் சிவப்பு அடித்திருந்தார்கள்.

“நானா, வயல்ல சிப்பியும் விளையுதா?” என்று கேட்கப்பட்டது. மச்சான் அப்போது நாலாவது முறையாக டயரை உதைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பத்திரங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ளவர் விற்பவராக இருப்பது அபூர்வம். பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் கைமாறி வருவதால், புத்தகத்து ஆசாமி ஒருவர், காசு வாங்குகிறவர் ஒருவர், மெஷினுக்கு உரிமையுள்ளவர் இன்னொருவர் என்று ஒரு குடும்பமே சேர்ந்துவிடும். கையெழுத்து மாத்திரம் எல்லாருடையதும் தயாராக இருக்கும்.

மரத்துக்கும் பத்திரம் உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்கக்கூடாது. ஆண் பனையைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆண்களுக்கு வேலியோரத்தில் வேறென்ன மரியாதை கிடைக்கும்? தேக்கை லொறியில் ஏற்றி அனுப்ப வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதில் ஒரு திகதி போட்டிருக்கும். மெஷின் தேடும் காலத்தில் அந்தத் திகதி தாண்டிவிடும்.

கட்டைகளை வெட்டிய இடத்திலேயே போட்டு வைக்கலாம். தேக்கின் வைரத்தைக் கறையான் லேசில் தொடாது. சுற்றியுள்ள வெள்ளையைத் தொடும். தொட்டுவிட்டது. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் பொதி சுமந்த கழுதைகளின் வாரிசுகள் இப்போது வேலையில்லாமல் திரிகின்றன. பின்னேரங்களில் நாலைந்து வந்து, கட்டைகளில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போகின்றன.